சங்கரம்மாள் அசையாதிருந்த பத்தொன்பது நாள்

லோகநாயகிக்கு ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தாறு வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாகப் போயிருக்கிறது. சிவகிரிப் பக்கம் வேலையை ஆரம்பித்து, ஊர் ஊராக மாற்றலாகி, குற்றாலம் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பிரசவம் மட்டுமே ஆயிரத்துக்கு மேல் பார்த்திருப்பாள். ஒருவர் வாசற்படி ஏறி வருகிற தோரணையை வைத்தே இது நிஜ வயிற்றுவலியா, லீவு சர்டிபிகேட்டுக்காக வந்த வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதனால்தானோ என்னவோ, சங்கரம்மாள் விஷயத்தில் தனக்கு நேர்ந்ததை அவளால் இன்றுவரை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆடி மாதம், அருவிகளில் தண்ணீர் கொட்டுகிற குற்றால சீசன் நன்றாக விழுந்திருந்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மணிமுத்து என்பவர் தன் லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில் பாய் விரித்து மனைவியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். அவள்தான் சங்கரம்மாள். முப்பத்து நாலு வயது. ஐந்து நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை, இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் போதும் என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது லோகநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை யார் மேலும் நிற்கவில்லை. வலது கை மட்டும் மார்பருகில் மடங்கி, விரல்கள் ஏதோ ஒரு பழத்தைப் பிடித்த வாக்கில் பாதி வளைந்து அப்படியே இருந்தன.

மணிமுத்து நடந்ததைச் சொன்னார். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் அவர்களுக்குப் பழக்கடை. ரம்புட்டான், மங்குஸ்தான், நட்சத்திரப்பழம் என்று சீசனுக்குச் சீசன் அவள்தான் உட்கார்ந்து விற்பாள். ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையில் திடீரென்று மழை கொட்டி அருவியில் தண்ணீர் புரண்டு வந்திருக்கிறது. போலீஸ்காரர்கள் விசிலடித்து எல்லோரையும் மேலே ஏற்றினார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்துணியோடு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கடையைத் தாண்டி ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கடையை விட்டுவிட்டு அருவியைப் போய்ப் போய்ப் பார்த்து வருவாள். பிள்ளைகள் யாரும் காணாமல் போயிருக்கிறதா என்று போலீஸ்காரர்களிடம் கேட்பாள். ஒரு வாரம் இப்படி. அப்புறம் ஒரு சனிக்கிழமை, வாடிக்கையாளருக்கு நிறுத்துப் போட ஒரு மங்குஸ்தானை எடுத்தவள், எடுத்த கையோடு நின்றுபோனாள்.

ஏதோ யோசனை என்று நினைத்து அரைமணி நேரம் விட்டுவிட்டாராம் மணிமுத்து. அதன் பிறகு அவள் பேசவேயில்லை. முதலில் கையைப் பிடித்து நடத்தினால் நடந்தாள், கஞ்சியை ஊட்டினால் விழுங்கினாள். பிறகு அதுவும் நின்றது. திருநெல்வேலியில் தலைக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. மூளையில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கோயில்களுக்கும் தூக்கிக்கொண்டு போய் வந்தாயிற்று.

மருத்துவ அலுவலர் நூருன்னிசா, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒன்றுமில்லை என்றுதானே சொல்லப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை வரை இங்கேயே பார்க்கிறேன் என்று மணிமுத்து பிடிவாதம் பிடித்தார். சரி, உடம்பில் நீர்ச்சத்தாவது ஏறட்டும் என்று ட்ரிப் போட்டுப் படுக்க வைத்தார்கள்.

அன்று மதியம் டாக்டர் கிராம முகாமுக்குப் போயிருந்தாள். வெளியே சாரல். வார்டு இருட்டாக இருக்கிறதே என்று பகலிலும் விளக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். லோகநாயகி சங்கரம்மாளின் கட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். நாடி சரி, பிரஷர் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு இப்படி மயங்கின மாதிரி கிடந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மூக்கருகே காட்டினாள். அசைவில்லை. பிறகு, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சங்கரம்மாளின் மேல்கையின் உட்பக்கச் சதையை இரண்டு விரலால் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

கை அசையவில்லை. முகமும் மாறவில்லை. இடது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

வலி தெரிகிறது, அப்படியானால் நடிப்புதான் என்று லோகநாயகி முடிவு கட்டிவிட்டாள். வெளியே வந்து மணிமுத்துவிடம், வீட்டில் என்ன சண்டை என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டாள். அவர் ஒரு சண்டையும் இல்லை என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை.

வியாழக்கிழமை பேச்சிராஜ் வருகிற நாள். மாவட்ட மனநலக் குழுவைச் சேர்ந்த நர்ஸ். முப்பது வயதிருக்கும். மனநல டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் பேச்சிராஜ் மட்டும் பைக்கில் வருவான். அவனுக்கென்று தனி அறை கிடையாது. வராந்தாவின் கோடியில், தடுப்பூசிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பான். சுகர், பிரஷர் பார்க்க வருகிறவர்களில் தூக்கமில்லை என்கிறவர்களைத் தன்னிடம் அனுப்பச் சொல்வான். லோகநாயகிக்கு அவன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஊசி போடவோ கட்டுக்கட்டவோ வேலையில்லாத ஒரு நர்ஸ் என்ன நர்ஸ் என்றுதான் தோன்றும்.

அன்று நூருன்னிசாவே அவனை வார்டுக்குக் கூப்பிட்டாள். அவன் செய்த முதல் காரியம் லோகநாயகிக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சங்கரம்மாளின் முகத்துக்கு நேராகத் தெரியும்படி உட்கார்ந்து, தன் பெயரைச் சொன்னான். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னான். இப்போது உங்கள் கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கப்போகிறோம், பயப்பட வேண்டாம் என்றான். சுவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு லோகநாயகியைப் பார்த்தான்.

"அக்கா, நீங்களே தூக்குங்க. மெதுவா தூக்கி, அப்படியே விட்டுருங்க."

அவள் இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினாள். விட்டால் தொப்பென்று விழும் என்று நினைத்தாள். கை விழவில்லை. அந்தரத்தில், அவள் விட்ட இடத்தில் விட்டபடி நின்றது. அவள் அதை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். மெழுகை வளைப்பதுபோல மெல்ல இணங்கி, அங்கேயும் நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஆரோக்கியமான மனிதராலும் அவ்வளவு நேரம் நடுங்காமல் அப்படி வைத்திருக்க முடியாது. தூக்கின கையின் உட்பக்கத்தில் இரண்டு நகத்தின் தடம் கருநீலமாகக் கன்றியிருந்தது. பேச்சிராஜின் கண் ஒருகணம் அதில் நின்று விலகியதை லோகநாயகி பார்த்தாள்.

அடுத்து, தலைக்குக் கீழே தன் கையை அணையாக வைத்துக்கொண்டு, தலையணையை மெல்ல உருவினான். பிறகு கையையும் எடுத்தான். தலை கீழே இறங்கவில்லை. மெத்தைக்கு நாலு விரற்கடை மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தலையணையில் சாய்ந்திருப்பதுபோல நின்றது. கால்மாட்டில் நின்ற மணிமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லோகநாயகிக்கு முதுகு சிலிர்த்தது. தன் சர்வீஸில் இப்படி ஒன்றை அவள் கண்டதேயில்லை.

இதைப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்று நூருன்னிசா மெதுவாகச் சொன்னாள். இதற்குக் கட்டடோனியா என்று பெயர் என்றும், மனசு தாங்க முடியாத நிலைக்குப் போகும்போது சிலருக்கு உடம்பே இப்படி உறைந்துவிடும் என்றும், இது நடிப்பும் இல்லை, பேயும் இல்லை, மருந்துக்குக் கேட்கிற நோய் என்றும் பேச்சிராஜ் மணிமுத்துவுக்கு விளக்கினான். தென்காசியிலிருந்த மனநல டாக்டர் செந்தில்வேலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். கையையும் தலையையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்ட டாக்டர், வலிப்புக்காக பிரிட்ஜில் வைத்திருக்கும் லோராசிபம் ஊசியை நரம்பில் மெதுவாகப் போடச் சொன்னார். ஆக்சிஜனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"அது தூங்க வைக்கிற மருந்துல்லா?" என்று லோகநாயகி கேட்டாள். "அசையாம கெடக்கவளுக்கு அதப் போட்டா இன்னும்லா அமுங்கிருவா."

நூருன்னிசாவுக்கும் அதே சந்தேகம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. இதில் மட்டும் அது வேறு மாதிரி வேலை செய்யும், பூட்டைத் திறந்துவிடும் என்றார் போனில் டாக்டர்.

மணி பதினொன்று இருபதுக்கு லோகநாயகி ஊசியைப் போட்டாள். இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக. பிறகு எல்லோரும் நின்றார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது நிமிடம் சங்கரம்மாள் அடுத்தடுத்து மூன்று முறை கண்ணை மூடித் திறந்தாள். பத்தாவது நிமிடம் தொண்டை ஏறி இறங்கியது. அப்புறம், அந்தப் பழம் பிடித்த வலது கையின் சுண்டுவிரல் நிமிர்ந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. கை முழுக்க விரிந்து, மெல்ல மெத்தையில் வந்து படிந்தது. லோகநாயகி தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலை வெளியே தெரிந்த பிறகு அழுகைச் சத்தம் வருகிறவரை உள்ள அந்த இடைவெளியில்தான் அவள் அப்படி மூச்சைப் பிடித்திருப்பது வழக்கம்.

சங்கரம்மாளின் உதடு பிரிந்தது. பத்தொன்பது நாளாகப் புழங்காத குரல், துருப்பிடித்த மாதிரி வந்தது.

"லைட்ட அமத்துங்க. கண்ணு கூசுது."

மணிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். லோகநாயகி ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். அணைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் குழல்விளக்கு சரியாகச் சங்கரம்மாளின் முகத்துக்கு மேலே இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

கரண்டியில் தண்ணீர் கொடுத்து, ஒழுங்காக விழுங்குகிறாளா என்று பார்த்தபிறகே பேச்சிராஜ் டம்ளரைக் கொடுக்க விட்டான். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள். கணவனைப் பார்த்து, தாடியை எடுக்கலையா என்றாள். அவர் தலையை ஆட்டினார். இத்தனை நாளும் உங்களுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததா என்று பேச்சிராஜ் கேட்டான். கேட்டது என்றாள். ஏன் அசைய முடியவில்லை என்றதற்கு, முடியாமல் இல்லை, அசையக் கூடாது என்று இருந்தேன் என்றாள்.

மெல்ல மெல்ல, நிறுத்தி நிறுத்தி, அவள் சொன்னது இதுதான். மங்குஸ்தானைக் கையில் எடுத்த அந்த நிமிடத்தில் அவளுக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. மேலே மலையில் தண்ணீர் அவ்வளவும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவள் ஒரு விரலை அசைத்தால் போதும், மொத்தமாகக் கீழே வந்துவிடும். அருவிக்கடியில் நிற்கிறவர்களை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் நின்றாள். நிற்க வைத்தார்கள், நின்றாள். படுக்க வைத்தார்கள், படுத்தாள். தானாக ஒன்றும் செய்யவில்லை.

பிறகு தலையைத் திருப்பி லோகநாயகியைப் பார்த்தாள்.

"நீங்க கிள்ளுனீங்கள்லா சிஸ்டர். நல்லா வலிச்சுது. கைய இழுத்துருப்பேன். இழுத்தா அங்கன குளிச்சிக்கிட்டிருந்த புள்ளைய எல்லாம் போயிருமே. அதான் பொறுத்துக்கிட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. மழை பெய்தது, குடை பிடித்துக்கொண்டேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நூருன்னிசா திரும்பி லோகநாயகியைப் பார்த்தாள். லோகநாயகி வெளியே வந்து, மருந்து வைக்கிற அறைக்குள் போய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். அவமானம்தான் முதலில் வந்தது. ஆனால் அதையும் மூடிக்கொண்டு வேறொன்று வந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்காக ஒருத்தி பத்தொன்பது நாள் பசி, தாகம், கண்ணைக் குத்துகிற வெளிச்சம், நகம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஓர் அருவியைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறாள். இதே கட்டிலைச் சுற்றித்தான் தானும் பெருக்குகிற உமா மகேஸ்வரியும் துடைத்துப் பெருக்கி, ட்ரிப் மாற்றி, வந்து போய்க்கொண்டிருந்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது.

பேச்சிராஜ் தேடிக்கொண்டு வந்தான். கிள்ளியதைப் பற்றிப் பேசவில்லை. இந்த மருந்தின் வேகம் மூன்று நாலு மணி நேரம்தான், மறுபடி உறைந்துவிடலாம், மணிமுத்து அண்ணாச்சியிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்றான். எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறாய் என்று அவள் கேட்டாள்.

"இவுங்க ரெண்டாவது அக்கா. மொதல்ல பாத்தவருக்கு இதான்னு எனக்குத் தெரியல. டிரெய்னிங் சமயம். தூங்குதாருன்னு போர்வைய இழுத்து மூடிட்டு வந்துட்டேன்."

அவன் சொன்னபடியே ஆயிற்று. மூன்றரை மணிக்கு, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. முன்கூட்டியே சொல்லியிருந்தும் மணிமுத்து அழுதார். ஆனால் இந்தத் தடவை தென்காசிக்குப் போக மறுக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஐந்து மணிக்கு வந்தது. லோகநாயகியின் டியூட்டி முடிந்திருந்தது. தானே கூடப் போவதாகச் சொல்லி ஏறிக்கொண்டாள். நீ அசைந்தால் ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொல்லட்டுமா என்று பேச்சிராஜிடம் கேட்டாள்.

"இல்லன்னு வாதாடாதீங்க. ஆமான்னும் சொல்லாதீங்க. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியட்டும், அது போதும்."

அதனால் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். சங்கரம்மாளின் விறைத்த கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே தெரிந்ததையெல்லாம் சொன்னாள். மேலகரம் வந்தாச்சு. பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைகள் சைக்கிளில் போகுது. ஒரு பசு ரோட்டுக்கு நடுவில் படுத்திருக்கு, டிரைவர் ஒதுக்குதாரு. இந்தா, தென்காசிக் கோபுரம் தெரியுது. இனிமே பக்கம்தான். பதில் வரவில்லை. கண் சிமிட்டவில்லை. ஆனாலும் அந்தக் கட்டிலில் இருப்பது வெறும் உடம்பு இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். உள்ளே ஒருத்தி உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பில் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். வேளாவேளைக்கு ஊசி, பிறகு மாத்திரை. நான்காம் நாளிலிருந்து உறைவது குறைந்து, ஏழாம் நாள் தானாக எழுந்து முகம் கழுவினாளாம். தண்ணீர் தன்னைப் பார்ப்பதாக இருந்த நினைப்பு கரைய அதற்கும் மேல் நாளாயிற்று. வீட்டுக்கு வந்தபிறகு வாரா வாரம் இங்கேதான் பார்ப்பது என்று ஏற்பாடு. வியாழக்கிழமை பேச்சிராஜ் பார்ப்பான். இடையில் மாத்திரை தீர்ந்தாலோ தூக்கம் குறைந்தாலோ லோகநாயகி பார்க்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவளுக்கும், மருந்தாளுநருக்கும், கிராம சுகாதார நர்ஸுக்கும் அவன் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். பேச்சு குறைகிறதா, நடை மந்தமாகிறதா, கரண்டி பாதியில் நிற்கிறதா. நூருன்னிசா அவன் மேஜையை வராந்தாவிலிருந்து எடுத்துத் தன் அறைக்குள்ளேயே போடச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே, பிரசவமாகிப் பத்து நாளில் பிள்ளையைத் தொட மறுத்த ஒரு பெண்ணைக் கிராம நர்ஸ் கண்டுபிடித்துக் கூட்டி வந்தாள். திமிர் என்று வீட்டில் சொன்னார்களாம். லோகநாயகி அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தன் பெயரைச் சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு நாள் சங்கரம்மாள் பஸ்ஸில் தனியாகவே வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அருவிப் பக்கம் போக இன்னும் தைரியம் வரவில்லை, இலஞ்சிக்கு ரோடு பிரிகிற விலக்கில் கடை போட்டிருக்கிறோம், பழம் போகிறது என்றாள். பேச்சிராஜ் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதி வாங்க டாக்டரிடம் போயிருந்தான். வார்டில் அவளும் லோகநாயகியும் மட்டும்.

லோகநாயகி அவ்வளவு நாளாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னாள். அன்றைக்கு நான் கிள்ளியிருக்கக் கூடாது, என்னை மன்னித்துவிடு என்றாள். சொல்லும்போது எழுந்து நின்றுகொண்டாள்.

சங்கரம்மாளுக்குச் சங்கடமாகிவிட்டது. அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, உட்காருங்கள் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கேட்கணும் என்று நினைத்தேன் என்றாள்.

"நீங்களும் அந்தப் பெருக்குத உமா மகேஸ்வரி அக்காவும் என் தலமாட்டுல நின்னு பேசுனீங்கள்லா. உங்க மகளுக்குக் கொச்சில வேல கெடச்சிருக்கு, அனுப்பவா வேண்டாமான்னு. ரெண்டு நாளும் அதான் ஓடிச்சு. அந்தத் தண்ணிக்கு நடுவுல எனக்குக் கேக்கதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அடுத்து என்ன சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே கெடப்பேன். வியாழக்கெழம பாதில நின்னுபோச்சு." அவள் ஆவலாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அனுப்புனீங்களா?"

லோகநாயகி மறுபடி உட்கார்ந்தாள். வெளியே ஓ.பி. வரிசையில் யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இந்தா வருதேன் என்று குரல் கொடுத்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. மகள் ஜெயபிரியா போனில் முதன்முதலாக அந்த வேலையைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து ஆரம்பித்து, கணவரிடம்கூடச் சொல்லாததையும் சேர்த்து, விட்ட இடம் எதுவென்று சங்கரம்மாளிடமே கேட்டுக்கேட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.